கலர் தாகம்

‘தண்ணீர்த் தாகம்’ என்கிறோம். ‘கலர் தாகம்’ என்று யாரும் சொல்வதில்லை. நீர்வேட்கை என்ற பழைய சொல்லும் தான் எதை வேண்டுகிறது என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலின் நான்காம் பகுதியில் சாக்ரடீஸின் வாயிலாக இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார். தாகம், தாகம் என்ற அளவில், பானத்தை மட்டுமே நாடுகிறது. சூடா குளிர்ச்சியா, நிறையவா கொஞ்சமா என்பது அதன் கவலை அல்ல. வெயிலில் நடந்து வந்தவன் குளிர்ந்த நீரைத் தேடினால், குளிர்ச்சியைக் கேட்பது தாகத்தோடு சேர்ந்துகொண்ட வெப்பம். ஆன்மாவுக்கு எத்தனை கூறுகள் என்று ஆராயவே அவர் இந்த உதாரணத்தை எடுத்தார். ஆனால் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்குப் பிறகு பெட்டிக்கடைக் குளிர்பெட்டியின் முன் நிற்பவரிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம்: கையை நீட்டுவது தாகமா, தாகத்தின் தோளேறி வந்த வேறொன்றா?

கலர் என்று நாம் சொல்லும் இனிப்புக் குளிர்பானத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அது தாகத்தைத் தணிக்காது என்பது நேர்மையான வாதம் அல்ல. தணிக்கிறது, அதிலுள்ள தண்ணீர் தணிக்கிறது. 330 மில்லி கோலா டப்பாவில் உள்ள சுமார் 35 கிராம் சர்க்கரைக்கு அந்த வேலையில் பங்கில்லை. உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஒரு டப்பாவிலேயே அந்த எல்லை தாண்டிவிடுகிறது. அதைவிடச் சுவாரசியமானது இன்னொன்று: குடிக்கும் சர்க்கரையை உடல் சோற்றைப்போலக் கணக்கில் வைப்பதில்லை; குடித்தவர் அடுத்த வேளை அதற்கேற்ப முழுமையாகக் குறைத்துச் சாப்பிடுவதும் பெரும்பாலும் இல்லை. தாகத்தின் பெயரைச் சொல்லி உள்ளே வந்தது பசியின் ஏட்டிலும் பதிவாகாமல் போய்விடுகிறது. பருமன், நீரிழிவு, சொத்தைப்பல் எல்லாம் பின்னால் வருபவை.

புலனடக்கத்தைப் பேசும் மதங்கள் இந்த ஆள்மாறாட்டத்தை முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவை பெரும்பாலும் எது விலக்கப்பட்டது என்றுதான் கேட்டன. அந்தக் கேள்வியின் இடுக்கில் கலர் நுழைந்துவிட்டது. அமெரிக்காவில் மதுவிலக்கு இயக்கத்துக்குத் தேவாலயங்களே முதுகெலும்பு. 1885இல் அட்லாண்டா மதுவிலக்குக்கு வாக்களித்தது; ஒயின் கலந்த மருந்துப் பானம் விற்றுவந்த ஜான் பெம்பர்டன் அடுத்த ஆண்டே ஒயின் இல்லாத கோக்கா கோலாவைக் கொண்டுவந்தார். ஒழுக்கமானவர்களின் பானமாக அது கடைக்கு வந்தது. மது, புகையிலை, தேநீர், காப்பி நான்கையும் விலக்கும் மார்மன் திருச்சபை, காஃபீன் உள்ள குளிர்பானங்களுக்குத் தடையில்லை என்று 2012இல் விளக்கம் தந்தது. அந்தச் சபையினர் நிறைந்த யூட்டா மாநிலத்தில் இன்று கோலாவோடு பாகும் கிரீமும் கலந்து தருவதற்கென்றே கடைகள் இருக்கின்றன. விதி மீறப்படவில்லை. ஆசை மட்டும் வீடு மாறிக்கொண்டது.

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் சான் ஹுவான் சமுலா என்ற ஊரின் தேவாலயத்தில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். பைன் இலை பரப்பிய தரையில் மெழுகுவர்த்திகளுக்கு இடையே மாயா மக்கள் கோலா பாட்டில்களைப் புனிதர்கள் முன் வைக்கிறார்கள். குடித்துவிட்டு விடும் ஏப்பத்தில் தீய ஆவி வெளியேறும் என்பது அங்குள்ள நம்பிக்கை. முன்பு போஷ் என்ற சாராயத்துக்கு இருந்த இடத்தில் பெருமளவு இப்போது கலர் இருக்கிறது. இதைப் பார்த்து நகைப்பது எளிது. ஆனால் நல்ல குடிநீர் எளிதில் கிடைக்காத மலைநாடு அது. பக்கத்து சான் கிறிஸ்டோபல் நகரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சும் கோலா ஆலையும் இருக்கிறது. குழாயில் நல்ல தண்ணீர் வராதவரிடம் தண்ணீர் குடி என்று அறம் பேசுவது எப்படி என்ற ஆட்சேபம் இங்கே முழு நியாயத்தோடு எழுகிறது. அதை நான் ஏற்கிறேன். என் வாதம் தேர்ந்தெடுக்க வழியுள்ளவரை நோக்கியது. வழியில்லாத இடத்தில் அடக்கம் வேண்டியது ஆலைக்கும் அரசுக்கும். 2014இல் மெக்சிகோ லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டதும் விற்பனை குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மனஉறுதி என்று நாம் புகழ்வதில் ஒரு பங்கு விலைப்பட்டியலில் இருக்கிறது.

இன்னொரு ஆட்சேபம் ரசனையின் பக்கமிருந்து வரும். பசிக்கு வெறும் சோறு போதும், ஆனாலும் குழம்பு வைக்கிறோமே. தாகத்துக்கு மட்டும் ஏன் இந்தத் துறவு? இனிப்பின் மேல் எனக்கு வழக்கு ஏதுமில்லை. விருந்தில் பாயசம் பாயசமாகவே வருகிறது. தாகம் தீர்க்க வந்தேன் என்று அது சொல்லிக்கொள்வதில்லை. விருந்துக்கு ஒரு நாள், ஒரு முடிவு உண்டு. தாகமோ ஒரு நாளில் பலமுறை வரும், சாகும்வரை வரும். அதன் முதுகில் ஏறிய ஆசைக்கு ஓய்வே கிடையாது. சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பூட்டி சேர்த்த ‘டயட்’ வகை எடைக்கணக்கைத் திருத்தலாம். முதுகில் இருப்பவர் இறங்கவில்லை.

இதே அளவுகோல் மறுபக்கமும் வெட்டும். தினம் எட்டு டம்ளர் என்று எண்ணி ஊற்றிக்கொள்வதும் தாகத்தைக் கேளாமல் குடிப்பதுதான். அந்த எண்ணிக்கைக்கு வலுவான அறிவியல் ஆதாரம் இல்லை. தாக உணர்வு மங்கும் முதியவர்களும் சிறுநீரகக் கல் வந்தவர்களும் விலக்கு. ஆரோக்கியமான மற்றவருக்குப் பெரும்பாலும் தாகமே போதிய கணக்குப்பிள்ளை. சர்க்கரை கலக்காத கோலி சோடா இந்த வழக்கிலிருந்து தப்பிவிடுகிறது. 1767இல் லீட்ஸ் நகரத்து பீர் ஆலையில், புளிக்கும் தொட்டிக்கு மேல் நீரைப் பிடித்துக் காற்றேற்றிய பாதிரியார் ஜோசப் பிரீஸ்ட்லி செய்ததும் அதைத்தான்: தண்ணீர், கொஞ்சம் வாயு.