பயன் கருதா வழிபாடு

கேட்டது கிடைத்தால் தொழுவோம், கிடைக்காவிடில் கைவிடுவோம் என்பது வழிபாடாகுமா, வாணிகமாகுமா? விவிலியத்தின் யோபு நூல் எழுப்பும் வினா இதுவே. யோபுவின் பக்தி செல்வத்தைக் கண்டு எழுந்த பக்தி என்பது சாத்தானின் வழக்கு. மந்தையும் மக்களும் உடல்நலமும் போன பின்பு யோபு புலம்பினார், இறைவனோடு வாதாடவும் செய்தார். ஆயினும் இறைவனைவிட்டு அகலவில்லை.

இக்கதையைக் கேட்டு, அதற்கு அப்பாலும் நடந்து காட்டியவர் ஒருவர் திருவிதாங்கூர் மண்ணில் வாழ்ந்தார். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை, மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். (அரசாங்கச் சம்பளக்காரர் என்பதாலோ என்னவோ, எனக்கு அவர்பால் தனிப் பரிவு உண்டு.) கால்நடைகள் மடிந்து, குடும்பத்தில் இடர்கள் அடுக்கி வந்த நாளில் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையை எடுத்துரைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. டிலனாய் 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படைத்தலைவரான டச்சுக் கம்பெனிப் படைவீரர். 1745இல் பிள்ளை வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவியும் ஞானப்பூ என்னும் பெயர் ஏற்றார்.

துன்பம் தீரும் என்றுதானே புதிய வழிபாட்டை நாடினார் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான ஐயமே. துன்பத்தில் பிறக்கும் பக்தி, துன்பம் தீர்ந்தால் மறந்து போகும். தீராவிடில் கசந்து போகும். ஆனால் தேவசகாயத்துக்கு நேர்ந்தது என்ன? 1749இல் சிறை. பதவி போயிற்று. எருமை மீதேற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றனர் என்பர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்குக் காரணம் மதமா, அரசியற் குற்றச்சாட்டா என்று ஆராய்ச்சியாளர் வாதிடுவர். ஈண்டு அது நம் பொருளன்று. யோபுவுக்கு இழந்தவை இரட்டிப்பாய்த் திரும்பின. அக்கதையைக் கேட்டவருக்கு எதுவும் திரும்பவில்லை. 2022 மே 15 அன்று ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார் என்பது மெய்யே. ஆயின் 270 ஆண்டு கழித்து வரும் பெருமையை ஊதியமாக எண்ணி எவரும் சிறையில் கிடக்கமாட்டார்.

துன்பத்தில் நிலைத்தவரைப் போற்றுதல் எளிது. நான் அதிகம் எண்ணிப் பார்ப்பது டிலனாயைத்தான். கைதியாய் வந்தவர் ‘வலிய கப்பித்தான்’ என்னும் பெயரும் மன்னரின் நம்பிக்கையும் பெற்று உயர்ந்தார். அந்நிய மண்ணில் உயர்ந்தவனுக்குப் பழைய வழிபாட்டை நழுவவிடுதல் எத்துணை எளிது என்பதை, பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து சேர்ந்த நம் குடும்பங்கள் அறியும். வாடகை அறையில் மாலைதோறும் முழந்தாளிட்ட குடும்பம், சொந்த வீடு கட்டியபின் ஞாயிறு காலையில் உறங்குகின்றது; பிள்ளைக்குத் தேர்வு நெருங்கினால் மெழுகுவர்த்தி வாங்குகின்றது. துன்பம் கதவைத் தட்டுவதால் விழித்துக்கொள்கிறோம். இன்பம் ஓசையின்றி உள்ளே வந்து அமர்ந்துவிடுகின்றது. டிலனாயோ தாம் வாழ்ந்த உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே ஆலயம் ஒன்றை வைத்துக்கொண்டார். அத்தனைச் செல்வாக்கின் நடுவே, 1765இல் இளம் மகனைப் போரில் பறிகொடுத்தார். 1777இல் தாமும் மறைந்தார்.

நாகர்கோவில் பேருந்தில் ஊருக்குச் செல்வோர் தக்கலையைத் தாண்டிப் புலியூர்க்குறிச்சியில் இறங்கினால், சிதைந்து நிற்கும் அவ்வாலயத்துக்குள் தந்தையின் கல்லறையும் மகனின் கல்லறையும் இருக்கின்றன. டிலனாயின் கல்லில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது.