கூவுவோர் குற்றவாளிகளா?

ஆட்டம் காணச் செல்வதை மன்னிக்கலாம், அங்கே நின்று கொட்டடித்துக் கூவுவது அறிவீனம் என்று நம்மவருள் பெரியோர் சிலர் சொல்லி வருகின்றனர். கல்லூரியில் கற்கும் பிள்ளைகள் மஞ்சள் சட்டை அணிந்து, ஈப்போ விளையாட்டரங்கின் படிகளில் 90 நிமிடமும் உட்காராது நின்று, தொண்டை கட்டும்வரை பேராக் அணிக்காகக் குரலெழுப்பி வந்த காட்சி அவர்களுக்குச் சற்றும் பிடித்ததில்லை. படித்தவனுக்கு அடக்கம் வேண்டாமா? புத்தகம் வாங்க வேண்டிய காசை முரசுக்குச் செலவிடலாமா? எவனோ உதைக்கும் பந்துக்காக இவன் ஏன் உயிரை விட வேண்டும்? இக்கேள்விகள் நியாயமற்றவை அல்ல. ஆயினும் இவற்றுக்கு விடையே இல்லை என்று எண்ணுவது தவறு.

முதலில் அடக்கத்தை எடுத்துக் கொள்வோம். நம் முன்னோர் காலத்துத் தோட்டத்தில் யாருடைய குரல் கேட்டது? விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணியார் பெயர் கூப்பிடும் குரல் கேட்டது. தண்டலின் அதட்டல் கேட்டது. துரையின் குரல் எப்போதாவது கேட்டது. பால் வெட்டுபவன் தன் பெயருக்கு மறுமொழி சொல்வதோடு சரி. சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர் என் தந்தையார். வாரத்தில் ஆறு நாளும் வாய் திறவாத அம்மனிதர், ஞாயிறு மாலையில் திடலோரத்தில் நின்று போடும் கூச்சல் லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும். கிராணியாரின் மகன் பந்தைத் தவற விட்டால், "கண்ணைத் தொறந்து ஆடுடா!" என்று எல்லார் முன்னிலையிலும் அதட்டுவார். கிராணியாரும் அருகில் நின்று சிரித்துக் கொண்டிருப்பார். திங்கட்கிழமை காலையில் அது நடக்குமா? அந்தத் திடல் இன்று இல்லை. அவ்விடத்தில் செம்பனை நிற்கிறது. அடக்கத்தைப் பற்றி யாரேனும் எனக்கு உபதேசிக்கும் போதெல்லாம் அத்திடலே என் நினைவுக்கு வருகிறது. அடங்கியிருத்தல் வேறு, அடக்கி வைக்கப்பட்டிருத்தல் வேறு என்பதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இஃது ஏதோ வெள்ளைக்காரனிடம் கற்ற கெட்ட பழக்கம் என்பாரும் உளர். அவர்கள் புறநானூற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். கோப்பெருநற்கிள்ளி களத்தில் நின்றபோது, வெற்றி அவனுடையது என்று ஒரு சாராரும் அன்று என்று மற்றொரு சாராரும் வாதிட்டதை நக்கண்ணையார் பாடி வைத்திருக்கிறார். அவரும் ஒரு பனையடியில் நின்று ஆட்டம் பார்த்தவரே. அவர் எந்தப் பக்கம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை!

நிற்க. ஒழுக்கக்கேடு கூவுவோரிடம் இருக்கிறது என்பவர் 1994 ஆம் ஆண்டை மறந்துவிட்டனர். அவ்வாண்டில்தான் மலேசியக் காற்பந்தில் ஆட்டங்கள் பணத்துக்கு விற்கப்பட்டது அம்பலமாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். பலர் ஆட்டத்திலிருந்தே விலக்கப்பட்டனர். அந்த வியாபாரத்தைச் செய்தவர்கள் கூச்சலிடவில்லை. மிக அமைதியாகவே செய்தனர். படியில் நின்று கத்தியவனோ, விற்கப்பட்ட ஆட்டத்தை மெய்யென்று நம்பிச் சீட்டு வாங்கியவன். இவ்விருவருள் குற்றவாளி யார்?

பேராக் அணி 1970 இல் மலேசியக் கிண்ணத்தை வென்றது. அடுத்து வென்றது 1998 இல். இடையே 28 ஆண்டுகள்! பின் 2000 இல் ஒரு முறை. அதன்பின் 2018 வரை காத்திருப்பு. இலாபம் கருதுபவன் எவனும் இப்படிக் காத்திரான். 2025 இல் பேராக் கழகம் சூப்பர் லீக்கிலிருந்து விலகிக் கொண்டது. கணக்குப் பார்த்தவர்கள் கணக்கை முடித்துக் கொண்டனர். முரசு வாங்கிய பிள்ளைகளோ அதை என் செய்வது என்று அறியாது நின்றனர். காசு விரயம் என்று அவர்களைப் பார்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இவ்வளவும் சொல்லியும், கூட்டத்தின் வாய் எப்போதும் சுத்தமானதென்று நான் வாதிட மாட்டேன். எதிரணி ஆட்டக்காரனின் நிறத்தையும் இனத்தையும் பெற்ற தாயையும் இழுத்து ஏசும் வாய்கள் உண்டு. நானே கேட்டுத் தலை குனிந்திருக்கிறேன். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் தோளோடு தோள் உரசி நிற்கும் படியில் அத்தகைய ஒரு சொல் விழுந்தால் அது எதிரணியோடு நில்லாது. அதற்கு மருந்து என்ன?

அமெரிக்காவில், டர்ஹம் நகரத்து டியூக் பல்கலைக்கழகத்தில் இதற்கொரு கதை உண்டு. அங்கே கூடைப்பந்தாட்டத்தின்போது ஆட்டத்தளத்தின் விளிம்பிலேயே நின்று கூவும் மாணாக்கருக்குக் 'காமரன் பைத்தியங்கள்' என்றே பெயர். 1984 ஜனவரியில் மேரிலாந்து அணியின் ஆட்டக்காரர் ஒருவரை, அவர்மேல் இருந்த ஒரு குற்றச்சாட்டைச் சொல்லி மிக இழிவாக அவமதித்தனர். ஊரெங்கும் கண்டனம் எழுந்தது. பல்கலைக்கழகத் தலைவர் டெர்ரி சான்போர்டு அவர்களை வெளியேற்றியிருக்கலாம், வாயைக் கட்டியிருக்கலாம். அவரோ ஒரு மாமன் தன் மருமக்களுக்கு எழுதுவதுபோல் கடிதம் எழுதி, 'டெர்ரி மாமா' என்றே கையொப்பமிட்டார். கூவுங்கள், ஆனால் ஆபாசமின்றி, அறிவோடு கூவுங்கள் என்பதே அதன் சாரம். அடுத்த ஆட்டத்துக்கு மாணாக்கர் தலையில் தேவதைகளைப்போல் ஒளிவட்டம் கட்டிக் கொண்டு வந்தனர். எதிரணியை வரவேற்றனர். நடுவர் தீர்ப்பு பிடிக்காதபோது, தாங்கள் மாறுபடுவதாகப் பணிவோடு ஒரே குரலில் முழங்கினர். குரல் குறையவில்லை, நஞ்சு குறைந்தது.

நம்மவர் மாத்திரம் இதற்குச் சளைத்தவர்களா? 1999 ஜனவரி 31 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியா 12 ஓட்டங்களில் பாகிஸ்தானிடம் தோற்றது. நான்கு நாளும் இந்தியாவுக்காகக் கத்திய கூட்டம், ஒரு கணம் ஊமையாகிப் பின் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டியது. பாகிஸ்தான் அணியினர் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றனர். அக்கைதட்டலுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? தோற்றவனுக்காகத் தொண்டை கிழியக் கத்திய வாயும் கையும் ஆனபடியால் வந்தது. எப்பக்கமும் சாராதவன் தட்டியிருந்தால் யார் அதைப் பெரிதாக நினைத்திருப்பர்?

ஆகையால் நம் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளைகளைக் கண்டிக்குமுன் அவர்களோடு ஒரு மாலைப் பொழுது அப்படியில் நில்லுங்கள். தகாத சொல் எழுந்தால், தூர நின்று எழுதும் கண்டனத்தைவிட அருகில் நிற்கும் மாமனின் கை விரைவாக அந்தத் தோளைத் தொடும். காற்பந்து இல்லையேல், ஈப்போவில் அஸ்லான் ஷா வளைகோற்பந்தாட்டம் நடக்கும்போது வாருங்கள். இரண்டு சீட்டு நானே வாங்கி வைக்கிறேன். முரசு கொண்டுவர வேண்டியதில்லை, அது பிள்ளைகளிடம் இருக்கிறது.