வான்படமும் வாய்மையும்

ஒரு செய்தி மெய்யா, பொய்யா என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது? அரபு அணியிலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவர் தொடக்கப் பாடங்களிலேயே இவ்வினாவைச் சந்திக்கிறார். மெய்யென்றோ பொய்யென்றோ சொல்லத்தக்க கூற்றுக்கு அரபியில் 'கபர்' என்று பெயர். அது நடப்போடு பொருந்தினால் மெய், பொருந்தாவிடில் பொய் என்பது பெரும்பாலோர் முடிவு. சொல்பவனின் நம்பிக்கையே அளவுகோல் என்றார் நள்ளாம். அவருடைய மாணவரும், ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த பேரெழுத்தாளருமான ஜாஹிள் இரண்டையும் இணைத்துப் பார்த்தார். நடப்போடும் நம்பிக்கையோடும் ஒருங்கே பொருந்துவது மெய். இரண்டோடும் பொருந்தாதது பொய். ஒன்றோடு மட்டும் பொருந்துவது மெய்யுமன்று, பொய்யுமன்று என்பது அவர் கருத்து.

ஏட்டோடு நின்றுவிட்ட வாதம் என இதனை ஒதுக்க வேண்டா. வீட்டு மாடியில் தொலைநோக்கியோடு காமிராவைப் பொருத்தி, இரவெல்லாம் விழித்திருந்து வானைப் படமெடுக்கும் ஆர்வலர் இன்று உலகெங்கும் உள்ளனர். அவர்கள் ஒவ்வொருவர் முன்னும் இவ்வாதம் உயிரோடு வந்து நிற்கிறது.

ஆண்ட்ரோமீடா என்னும் நட்சத்திரத் திரளை எடுத்துக்கொள்வோம். பாரசீகத்து வானியலறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி, கி.பி. 964-ஐ ஒட்டித் தாம் இயற்றிய நிலைவிண்மீன்களைப் பற்றிய நூலில் அதனைச் சிறு மேகத் திட்டாகக் குறித்துவைத்தார். வெறுங்கண்ணுக்கு அது இன்றும் அவ்வளவே. 1888-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் அருகே மாகல் என்னுமிடத்தில் ஐசக் ராபர்ட்ஸ் அதனைப் படம் பிடித்தார். அவர் கட்டடத் தொழிலில் பொருளீட்டியவர். வானியலை விரும்பிப் பயின்றவர். காமிராத் தகடு நெடுநேரம் ஒளியைச் சேர்த்தபோது, கண் காணாத சுருள் வடிவம் அதில் வெளிப்பட்டது. புதிதாகப் பிறந்துகொண்டிருக்கும் ஒரு சூரிய மண்டலம் அது என்று ராபர்ட்ஸ் கருதினார். அது நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள தனித்ததொரு திரள் என்பதை 1920-களில் எட்வின் ஹபிள் நிறுவினார். அதன் தொலைவு ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுகள் என இன்று அறிகிறோம்.

ராபர்ட்ஸின் படம் மெய். அதற்கு அவர் தந்த விளக்கம் பிழை. ஆயினும் அவரைப் பொய்யர் என யாரும் சொல்லார். அவர் நம்பியதையே சொன்னார். ஜாஹிளின் இடைவகை இத்தகையோருக்கே உரியது. படம் தானாக எதையும் கூறுவதில்லை. அதன் அடியில் மனிதன் எழுதும் சொல்லே கபர் ஆகிறது என்பதும் இதனால் விளங்கும்.

நெபுலாக்களின் நிறத்தையும் இவ்வாறே நோக்க வேண்டும். ஹைட்ரஜன் வாயு உமிழும் சிவப்பொளியைச் சிலர் பச்சையாக மாற்றி அச்சிடுகின்றனர். வாயுக்களைப் பிரித்தறிய அது உதவுகிறது. தேசப்படத்தில் ஒரு நாட்டுக்கு மஞ்சள் தீட்டுவதைப் போன்ற குறியீடு அது. குறியீடு என்று சொல்லிவிட்டால் குற்றமில்லை. சொல்லாமல் விட்டால், காண்பவர் அதனை இயற்கை நிறமென்றே கொள்வர்.

இனி, கடினமான இடத்துக்கு வருவோம். 2019 மே மாதம் அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஒரே ராக்கெட்டில் 60 செயற்கைக்கோள்களை ஏவியது. அன்று தொடங்கிய வரிசை இன்று பல்லாயிரமாகப் பெருகியுள்ளது. அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் அவை கதிரொளியைப் பிரதிபலித்துப் படத்தின் குறுக்கே வெண்கோடு இழுத்துச் செல்கின்றன. ஆர்வலர் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். ஒரு படத்தில் மட்டும் தோன்றி மற்றவற்றோடு ஒவ்வாத ஒளியைக் கணினி தள்ளிவிடுகிறது. கோடுகள் மறைகின்றன, மாசற்ற வானம் தோன்றுகிறது.

இது பொய்யா? 'ஆண்ட்ரோமீடாவின் வடிவம் இது' என்று அடியில் எழுதினால் மெய்யே. இடையில் பறந்து சென்ற கோள் அத்திரளின் உறுப்பன்று. ஆனால், 'நேற்றிரவு என் வீட்டு மாடியிலிருந்து கண்ட வானம்' என்று எழுதினால், அக்கூற்று நடப்போடும் பொருந்தாது. எழுதியவரின் அறிவோடும் பொருந்தாது. ஜாஹிளின் அளவுகோலிலும் அது பொய்யே. அப்பொய்யால் விளையும் கேடும் சிறிதன்று. துடைத்த படங்களையே கண்டு வளரும் தலைமுறை, வானம் கெடவேயில்லை என்று எண்ணும். வானை மிகவும் நேசிப்பவர்களே, அதற்கு நேர்ந்ததை மறைக்கும் சாட்சிகளாகிவிடுவர்.

ஒவ்வாததெல்லாம் மாசு என்பதும் துணிபன்று. 2016 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்தில், பூட்டுத் தொழில் செய்யும் விக்தோர் புசோ என்பவர் தம் புதிய காமிராவைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்.ஜி.சி. 613 என்னும் திரளின் ஓரத்தில், முந்தைய படங்களில் இல்லாத புள்ளியொன்று தோன்றி ஒளிகூடி வருவதைக் கண்டார். விண்மீன் ஒன்று வெடிக்கும் முதற்கணத்தின் ஒளி அது. விஞ்ஞானிகள் அதனை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். படங்களைத் தனித்தனியே உற்றுநோக்காமல், ஒவ்வாததைத் தள்ளும் வேலையைக் கணினியிடமே விட்டிருந்தால், அவர் அவ்வரிய சாட்சியத்தை இழந்திருக்கக் கூடும்.

ஆகவே, துடைப்பது தவறன்று. துடைத்ததை மறைப்பதே தவறு. எத்தனை படங்கள் அடுக்கப்பட்டன, எவ்வளவு நேரம் ஒளி சேர்க்கப்பட்டது, எவை நீக்கப்பட்டன, எந்நிறம் மாற்றப்பட்டது என்பனவற்றைப் படத்தின் அடியில் ஓரிரு வரிகளில் எழுதலாம். துடைக்காத மூலப் படங்களையும் பாதுகாத்து வைக்கலாம். அழகுக்கு அதனால் குறைவொன்றும் நேராது. 25 லட்சம் ஆண்டுகள் வழிநடந்து வந்த ஒளி நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பிறருக்குக் காட்டுபவர், தம் கைவேலை எங்கே தொடங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.