வானில் பறப்போர் கடன்

தொலைவு என்றாலே பிரிவு என்றிருந்த காலம் ஒன்று உண்டு. முப்பது மணி நேரத்திற்கு மேல் தொடர்வண்டியில் கடந்த தில்லி–சென்னை வழியை இன்று ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் கடக்கின்றோம். தாயின் நோய் கேட்ட அன்றே அவள் பக்கலில் சென்று சேரும் பேறு, ஊர்விட்டு வாழும் நம்மனோர்க்கு வானூர்தி அளித்த கொடையாகும். எனினும் அக்கொடைக்கும் ஒரு விலை உண்டு. அதனை யார் செலுத்துகின்றனர் என்பதே நாம் இங்கு எண்ண வேண்டிய அறவினா.

மாந்தர் வெளியிடும் கரியமில வாயுவில் வான்பயணத்தின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 2.5. சிறிதென்று தோன்றலாம். ஆயினும் உலக மக்களுள் பெரும்பாலோர் ஓராண்டில் ஒருமுறையேனும் வானூர்தி ஏறாதவர். மழை பொய்ப்பதும் கடல் ஏறுவதும் அவர்களை விட்டுவைப்பதில்லை. நுகர்வோர் சிலர், நோவோர் பலர்.

இதனை உணர்ந்தே உலக நாடுகள் மாற்று எரிபொருளை நாடுகின்றன. பயன்படுத்திய சமையல் எண்ணெய், வேளாண் கழிவு முதலியவற்றால் ஆகும் எரிபொருளும் எரியுங்கால் அதே வாயுவையே வெளிவிடும். ஆனால் அது, பயிர்கள் அண்மையில் காற்றிலிருந்து பெற்றதே ஆதலின், கணக்குப் பெரிதும் நேராகிறது. மாண்ட்ரீலில் இயங்கும் பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து நிறுவனம், 2050-க்குள் நிகர வெளியீட்டைச் சுழியாக்கும் குறிக்கோளை 2022-இல் ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் நூற்றுக்கு 2 பங்கு கலப்பை 2025 முதல் கட்டாயமாக்கியது. 2050-இல் அது 70 ஆக வேண்டும். இந்தியாவோ பன்னாட்டுப் பயணங்களுக்கு 2027-இல் 1 பங்கு, 2030-இல் 5 பங்கு என இலக்கு வகுத்துள்ளது. ஆயினும் 2024-இல் உலக வானூர்திகள் எரித்தவற்றுள் மாற்று எரிபொருள் நூற்றுக்கு அரைப்பங்குகூட இல்லை. விலை இருமடங்கிற்கும் மேல் என்பதே முதன்மைக் காரணம்.

இங்கு இரண்டு வினாக்கள் எழுகின்றன. முதலாவது, நிலம் பற்றியது. 2018 ஆகஸ்டில் காட்டாமணக்கு எண்ணெயில் ஆக்கிய எரிபொருள் கலந்து, டேராடூனிலிருந்து தில்லிக்கு ஒரு வானூர்தி பறந்தது. அறிஞர்தம் அவ்வெற்றி போற்றத்தக்கதே. ஆனால், தரிசில் தானே வளரும் என்று முன்னர்ப் புகழப்பட்ட அச்செடி, நீரின்றிப் போதிய விளைவு தரவில்லை. அன்றியும், ஏட்டில் தரிசு என்று எழுதப்படும் நிலம் பல ஊர்களில் ஏழையின் ஆடுமாடு மேயும் நிலமன்றோ? ஒருவன் பறப்பதற்காக மற்றொருவன் கலம் வெறுமையாதல் அறமாகாது. கழிவிலிருந்து பிறக்கும் எரிபொருளே முதலில் நாடத்தக்கது.

இரண்டாவது, பொருள் பற்றியது. கூடுதல் விலையைப் பறப்பவரே தருதல் வேண்டும். பறவாதவர் வரிப்பணத்தின்மேல் அதனை ஏற்றுதல் முறையன்று. எனில், ஈராண்டுக்கு ஒருமுறை பெற்றோரைக் காணச் செல்லும் கூலித் தொழிலாளியும், திங்கள்தோறும் உல்லாசமாய்ப் பறக்கும் செல்வரும் ஒரே அளவில் சுமப்பதா? அன்று. பறக்கும் தொகை ஏற ஏறச் சுமையும் ஏறுவதே நடுவுநிலைமை.

வள்ளுவர் ஒப்புரவறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். பயன் பெற்றோர் உலகிற்குத் திருப்பித் தருதல் தயவன்று, கடமை என்பதே அதன் உயிர்ப்பொருள். இனி நாம் வாங்கும் பயணச் சீட்டில் தூய எரிபொருளின் பொருட்டுச் சில நூறு உரூபாய் கூடுமாயின், அதனைத் தண்டமெனக் கருதாது, வானத்திற்கு நாம் பட்ட கடனின் ஒரு தவணை எனக் கொள்வோமாக. தவிர்க்கக்கூடிய பயணத்தைத் தவிர்த்தலும் அக்கடனைத் தீர்க்கும் வழியே.