தடுப்பூசிக்குப் பின்னும் விழிப்பு



'பிரமாதம்' என்னும் சொல் இன்று பேச்சு வழக்கில் மிகச் சிறப்பு என்னும் பொருளில் வழங்குகிறது. நம் அறநூல்களிலோ அது விழிப்பின்மையைக் குறிக்கும். உமாஸ்வாதி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுத்தபோது, விழிப்பின்மையையே அதற்கு அடிப்படையாக வைத்தார். கொல்லும் எண்ணம் இல்லாதவனும் விழிப்பின்றி நடப்பானாயின் அவனை இம்சை சாரும் என்பது கருத்து.

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வுண்மையை உலகமே கண்டது. மக்களுக்கு மிக விரைவாகத் தடுப்பூசி செலுத்திய நாடுகளுள் ஒன்று இஸ்ரேல். நோய் தணிந்தது கண்டு, கட்டடங்களுக்குள் முகக்கவசம் அணிய வேண்டும் என்னும் விதியை 2021 ஜூன் 15 அன்று அந்நாடு நீக்கியது. டெல்டா வகைக் கிருமி பரவவே, பத்தே நாளில், ஜூன் 25 அன்று, அவ்விதி மீண்டும் வந்தது. ஊசி பெற்றோரைக் கடும் நோயிலிருந்தும் இறப்பிலிருந்தும் தடுப்பூசி பெரிதும் காத்தது. ஆயினும் அவர்களிடமிருந்து பிறருக்குத் தொற்று செல்வதை அது முற்றிலும் நிறுத்தவில்லை.

காப்பு வந்தவுடன் மனம் துணிவு கொள்வது புதிதன்று. அமெரிக்கப் பொருளியலறிஞர் சாம் பெல்ட்ஸ்மன், மோட்டார் வண்டிகளின் பாதுகாப்பு விதிகளைப் பற்றி 1975இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். காப்புப் பெற்ற ஓட்டுநர் கூடுதல் துணிவுடன் ஓட்டுவதால், தெருவில் நடப்போர்க்குத் தீங்கு மிகுகிறது என்பது அவர் வாதம். அவருடைய கணக்கைப் பின்வந்தோர் பலர் மறுத்தனர். ஆயினும் அவர் எழுப்பிய வினா அறத்தின் வினாவாகும்: காப்பு ஒருவனுக்கு, இடர் மற்றொருவனுக்கு என்றால், அது நீதியாகுமோ?

நம் நாட்டில் 18 வயது நிரம்பியோர்க்கு 2021 மே 1 முதல் தடுப்பூசி திறக்கப்பட்டது. 15 முதல் 18 வயதினர்க்கோ 2022 ஜனவரி 3 அன்றுதான் வாய்ப்புக் கிட்டியது. ஆகவே எட்டு மாத காலம், ஒரே வீட்டில் அண்ணன் காப்புடையவனாகவும் தம்பி காப்பற்றவனாகவும் இருக்க நேர்ந்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர், புற்றுநோய்க்கு மருந்துண்போர் ஆகியோர்க்கு ஊசி செலுத்தினும் முழுப்பயன் தராதிருத்தல் உண்டு. "எனக்கென்ன, நான் ஊசி போட்டுக்கொண்டேன்" என்று கூட்டத்துள் புகுந்தவன், இவர்களையன்றோ மறந்தான்!

ஆயின் தடுப்பூசியே வேண்டாவோ எனின், அன்று. ஊசி பெற்றோர் அனைவரும் பொறுப்பிழந்தனர் என்பதும் உண்மையன்று. முன்னினும் கருத்தாய் நடந்தோர் பலர். குற்றம் கருவியினுடையதன்று, கருவியைப் பெற்றபின் கண்ணை மூடிக்கொள்ளும் மனத்தினுடையது.

நம் முனிவரைக் காண்மின். கையில் மயிற்பீலி ஏந்தியிருப்பினும், நான்கு முழ நிலத்தை நோக்கியே அடியெடுத்து வைக்கிறார். பீலி இருக்கிறது என்று பார்வையைக் கைவிடுவாரோ? ஈரியா சமிதியும் பீலியும் ஒன்றற்கொன்று துணையே. ஒன்றிற்கு ஒன்று மாற்றாகாது.

இல்லறத்தார் நீரை வடிகட்டிப் பருகுகிறோம். வடித்த நீருக்கும் இரண்டு நாழிகை என எல்லை உண்டு; அது கடந்தால் மீண்டும் வடிக்க வேண்டும். தடுப்பூசியின் காப்பும் நாள்பட நாள்படக் குறைவதே. அதனாலன்றோ 2021 ஆகஸ்டில் இஸ்ரேல் தன் முதியோர்க்கு மூன்றாம் தவணை வழங்கியது!

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி நிலை நீங்கிற்று என அறிவித்தது. நெருக்கடி நீங்கினும் கிருமி நீங்கவில்லை. பிற தொற்றுகளும் உள. ஆதலின் மருத்துவர் கூறும் தவணையைத் தவறாது பெறுவோம். காய்ச்சலும் இருமலும் உள்ள நாளில் ஜினாலயத்திற்கும் திருமணத்திற்கும் செல்லாது இல்லத்திலிருந்தே வழிபடுவோம். முதியோரைக் காணச் செல்லுங்கால் வாய் மூடிச் செல்வோம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க்கும் இரங்கும் மரபில் வந்த நாம், அருகில் அமர்ந்திருக்கும் பாட்டியின் மூச்சுக்கு இரங்காதிருத்தல் தகுமோ?

விழிப்பே அறம். அறம் வெல்க!