மண் குடித்த தண்ணீர்



பள்ளிச் சுற்றுலா என்றதும் பஸ், பாட்டு, படகுச் சவாரி, குரூப் போட்டோ என்றுதான் நினைப்பு ஓடும். மலையில் நடக்கக் கூட்டிப் போனால் வேறொன்றும் கிடைக்கும்.

கோபிசெட்டிபாளையத்துப் பிள்ளைகள் நீலகிரிக்குப் போயிருப்பதாக வைத்துக்கொள்வோம். வனத்துறை அனுமதித்த பாதை. முன்னால் உள்ளூர் வழிகாட்டி. சோலைக்காட்டின் ஓரத்தில் ஆசிரியர் எல்லோரையும் நிறுத்துகிறார்.

"கண்ணுங்களா, இந்தப் பாதையில கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

ஆள் நடந்து நடந்து இறுகிப்போன மண். ஊற்றிய தண்ணீர் கலங்கலாகச் சரிவில் ஓடிவிடுகிறது.

"இப்ப அந்த மரத்தடியில ஊத்துங்க."

சருகின் மேல் ஊற்றியது ஓடவே இல்லை. மண் குடித்துவிட்டது. ஒரு சிறுமி சருகை விலக்கி விரலை விட்டுப் பார்க்கிறாள். மேலே காய்ந்த இலை, அதற்கடியில் மக்கி நொறுங்கிய இலை, அதற்கும் கீழே சில்லென்ற கறுப்பு மண். விரல் தடையில்லாமல் உள்ளே போகிறது.

"குடிச்ச தண்ணி எங்க போகும்?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் பேசாமல் இருக்க வேண்டும். கஷ்டமான வேலைதான். ஆனால் கொஞ்சம் கீழே இறங்கியதும் பாறை இடுக்கில் கசியும் ஊற்றைப் பிள்ளைகளே காட்டுவார்கள். மழை நின்ற பிறகும் கசிகிறதே, எப்படி? சோலையும் அதைச் சுற்றியுள்ள புல்வெளியும் பெய்த மழையைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல விடுகின்றன. இப்படிக் கசிந்த ஓடைகள் சேர்ந்து பைக்காரா ஆறாகி, மாயாறாகி, பவானிசாகர் அணைக்கு வருகின்றன. அங்கிருந்து கொடிவேரி அணைக்கட்டு, தடப்பள்ளி வாய்க்கால், அப்புறம் இதே பிள்ளைகளின் வீட்டு வயல்!

காட்டை ஏன் காக்க வேண்டும் என்று அவர்களுக்கு இனித் தனியாக வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் புறப்படும் இடத்தை அவர்கள் கையால் தொட்டுவிட்டார்கள்.

தொடுவது என்றால் பறிப்பது அல்ல. விலக்கிய சருகைத் திரும்ப மூடுவதும், தெரியாத காயை வாயில் வைக்காமல் இருப்பதும் இந்தப் பாடத்தில் சேர்ந்தவைதான்.

இதற்கு மலைக்கே போக வேண்டும் என்றில்லை. பள்ளி மைதானத்தின் நடுவில் ஒரு குவளை தண்ணீர், மூலையில் சருகு மூடிய வேப்பமரத்தடியில் ஒரு குவளை ஊற்றிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும்.

இன்று உங்கள் பிள்ளை ஏதாவது கேட்டால், பதில் நாக்கு நுனியில் இருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். "நீயே செஞ்சு பாரு, என்ன தெரியுதுன்னு சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையே கண்டுபிடிக்கும் அந்தப் பதில் தேர்வு முடிந்ததும் மறந்துபோகிற பதிலாக இருக்காது.