தடுமாறும் உரிமை

கலஹாவின் தேயிலை மலைகளிடையே பியானோவைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இதற்கு அண்மையில்தான் உள்ளது. பியானோ என்றதும் நம் மனத்தில் எழுவது துரை பங்களா. லயத்துக் காம்பரா அன்று. ஆயினும் அக்கருவியின் தொடக்கப் பாடமொன்று நம்முன் ஓர் அறக்கேள்வியை வைக்கிறது.

ச, க, ப என்னும் மூன்று சுரங்களை ஒருசேர அழுத்தினால் மேனாட்டிசையில் அது ‘கார்ட்’. கற்கத் தொடங்குபவர் அதைப் பிரித்து, ஒவ்வொன்றாக வாசித்துப் பழகுகிறார். இடக்கைச் சுண்டுவிரல் ச, நடுவிரல் க, கட்டைவிரல் ப. எளிய பாடந்தான். ஆனால் விரல்கள் ஒரே வலிமை உடையன அல்லவே! கட்டைவிரல் இடிக்கிறது, சுண்டுவிரல் மெலிகிறது, காலம் நொண்டுகிறது. ஒருசேர ஒலித்தபோது மறைந்திருந்த குறை, பிரித்ததும் வெளிப்படுகிறது. மெதுவாக, பலமுறை பிழைபட வாசித்த பின்னரே ஒலி சமனாகும். தொடக்கநிலையாளருக்கென்றே குறித்து மோட்ஸார்ட் 1788இல் இயற்றிய சொனாட்டாவில் இடக்கை இவ்வாறு பிரித்த சுரங்களோடுதான் தொடங்குகிறது. நமது சரளி வரிசையும் முதற்காலத்தில் மெதுவாகவே நடக்கிறது. தடுமாற்றத்தை இசை இழிவாகக் கருதவில்லை.

அந்தத் தடுமாற்றத்துக்கு நம் சமூகத்தில் யாருக்கு உரிமை உண்டு?

கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, விதித்த கிலோ குறைந்தால் கூலியும் குறைகிறது, முழுப்பேர் அரைப்பேராகிறது. அவள் பிள்ளையின் நிலையும் வேறன்று. வசதியுள்ள வீட்டுக் குழந்தை தவறினால் ‘பழகுகிறது’ என்கிறோம். லயத்துக் குழந்தை தவறினால் ‘இதற்கு வராது’ என்று தீர்ப்பளிக்கிறோம்.

‘பசித்தவனுக்குப் பியானோ எதற்கு?’ என்று நம் தோழர்களே கேட்பதுண்டு. கூலிப் போராட்டமே முதன்மையானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எட்டு மணி நேர வேலை கேட்டு 1886இல் சிகாகோத் தொழிலாளர் எழுந்தபோது, எஞ்சிய நேரத்தை உறக்கத்துக்கு மட்டுமா கேட்டனர்? தம் விருப்பம்போல் வாழவும் எட்டு மணி நேரம் கேட்டனர். மலையகமும் இசையற்ற மண்ணன்று. விடியலில் பிரட்டுக்கு அழைத்த தப்பே காமன் கூத்திலும் முழங்கியது. முன்னதில் காலம் துரையுடையது, பின்னதில் மக்களுடையது.

‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்தில் ‘லயம்’ ஆயிற்று. இசையிலோ லயம் என்பது காலத்தின் ஒழுங்கு. அந்த லயத்தில் வாழ்வோர்க்கு இந்த லயம் எட்டாமற் போனதற்குக் காரணம் திறமைக் குறைவன்று. தம் காலம் தம் கையில் இல்லாமையே.

கூலியை உயர்த்தும் அதிகாரம் ஆசிரியருக்கு இல்லை. ஆனால் பியானோவோ, தப்போ, கணக்கோ, எதைக் கற்பிப்பினும், நொண்டும் விரலுக்கு இன்னொரு முறை வாய்ப்பளிக்க அவரால் இயலும். அது கருணையன்று, அக்குழந்தைக்கு நாம் பட்டிருக்கும் கடன்.